ஜனவரிக்காரிக்கு இரண்டாவது கையெழுத்து

உன் ஸ்வெட்டர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஹேமா கொண்டுவந்து கொடுத்தாள். ஜவுளிக்கடைப் பையில் மடித்து வைத்திருந்தாள். பையைப் பிரித்ததும் பாச்சா உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. என் பீரோவில் கிடக்கிற என்னுடைய ஸ்வெட்டரிலும் அதே வாசனைதான். ஒரே நாளில் ஒரே கடையில் நாம் வாங்கிய இரண்டு மெரூன் ஸ்வெட்டர். என்னுடையதை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. உன்னுடையதில் முழங்கைப் பக்கம் நூல் பிரிந்திருந்தது. கைமடிப்புக்குள் ஏதோ காட்டுச்செடியின் முள்விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி விதையை நான் நம் ஊர்ப் பக்கம் பார்த்ததில்லை.

"அம்மாவோடதுல இது ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் ஆன்ட்டி," என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அழவில்லை. நீ செத்த அன்றைக்கு அழுததோடு சரி. இப்போது எனக்கு இருப்பது ஆத்திரம். போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒருத்தி வாய்த்திருக்க மாட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தத் தடவை நீ குறுக்கே பேச மாட்டாய், அது ஒன்று எனக்குச் சௌகரியம்.

எங்கே ஆரம்பித்தது இதெல்லாம்? கம்பெனி பஸ்ஸில். செங்கல்பட்டில் ஏறி மறைமலைநகர் ஃபாக்டரி வாசலில் இறங்குகிற வரைக்கும் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட். இரண்டு பேருக்கும் கணக்குப் பிரிவில் வேலை. நீ மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரி, கழனி வேலை பார்த்து வளர்ந்தவள். நான் திருக்கழுக்குன்றம், அப்பா கோயில் ஆபீஸில் எழுத்தர். கல்யாணம் நம் இரண்டு பேரையும் செங்கல்பட்டில் கொண்டுவந்து போட்டது. முதலில் கொஞ்ச காலம் மாமியார்களைப் பற்றிப் பேசினோம். அது அலுத்துப்போன பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தோம்.

நீதான் முதலில் காட்டினாய். கொளவாய் ஏரி ஓரமாக பஸ் போய்க்கொண்டிருந்தது. "அங்க பாருடி, கூழைக்கடா குந்திகினு கீது, எம்மாம் பெருசு பாரு," என்றாய். நான் உன் தலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் ஏரியே முடிந்துவிட்டது. மறுநாள் நான் ஜன்னல் சீட் கேட்டேன். நீ தரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒப்பந்தம் ஆனது. பரனூர் டோல்கேட் வரிசையில் பஸ் நின்றால் நமக்கு யோகம். மற்றவர்கள் டைம் ஆகிவிட்டது என்று டிரைவரைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். நாம் பக்கத்துக் குட்டையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு துபாயில் இருந்த உன் தம்பி ஒரு பைனாகுலர் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றே ஒன்று. வந்தது வினை. நீ கண்ணில் வைத்தால் இறக்க மாட்டாய். "ஐயோ, இன்னா கலரு, இன்னா கலரு," என்று நீ உருகிக்கொண்டிருக்கும்போதே அது பறந்துவிடும். என் கைக்கு வரும்போது வெறும் தண்ணீர்தான். ஒரு மீன்கொத்தியை வைத்து நமக்கு வந்த சண்டை ஒரு வாரம் ஓடியது. அதே சீட்டில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போய் வந்தோம்.

அந்தச் சண்டையை முடித்துவைத்தது நம் வேலைதான். நம் கம்பெனியில் செக் என்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்டு இன்னொருவர் லீவு என்றால் அது வெறும் காகிதம். சப்ளையர் வாசலில் நின்று கத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது கையெழுத்துக்காக மாடிக்கும் கீழுக்கும் ஓடியே நம் கால் தேய்ந்தது. அப்படி ஒருநாள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்த செக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீ என் மேஜைக்கு வந்தாய். ஒரு வாரம் கழித்து அதுதான் முதல் பேச்சு.

"இனிமே பட்சிக்கும் ரெண்டு கையெழுத்துடி. ரெண்டு பேரும் பார்த்தாதான் கணக்கு. ஒருத்தி மட்டும் பார்த்தா செல்லாது. எவனாவது கேட்டாலும் பார்க்கலைன்னுதான் சொல்லணும். சரியா?"

சரி என்றேன். முதலில் கண்டவள் "பார்த்தியா?" என்று கேட்க வேண்டும். மற்றவள் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். போட்டோ செல்லாது. தோழியைச் சமாதானப்படுத்துவதற்காகப் பார்த்ததாகச் சொல்வது மகா பாவம். உலகத்தில் எத்தனையோ பேர் பறவை பார்க்கிறார்கள், இப்படி ஒரு கிறுக்குச் சட்டம் வேறு யாரும் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. கணக்குப் பிரிவுக்காரிகளுக்குத்தான் வரும் இந்த புத்தி.

கேளம்பாக்கம் உப்பங்கழியில் நீ எனக்கு வைத்த பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். பஸ் பிடித்து வந்து, வெயில் ஏறுவதற்குள் கரையில் குந்தியிருந்தோம். தூரத்தில் பூநாரைகள். கிட்டத்தில் சேறு. நீ சேற்றைக் காட்டி "உள்ளான் ஒண்ணு, பார்த்தியா?" என்றாய். நான் தேடினேன். உள்ளானும் சேறும் ஒரே நிறம், அசையாமல் நின்றால் தெரியாது. "இல்லை," என்றேன். "அதோ என் வெரலுக்கு நேராடி." "இல்லை." "கண்ணு அவிஞ்சா போச்சு? நல்லா பாரு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தும் இல்லை என்றுதான் சொன்னேன். நீ கையை இறக்கிக்கொண்டு சிரித்தாய். "அங்க ஒண்ணும் இல்லடி. நீ பொய் சொல்றியான்னு பார்த்தேன். பாஸ்." உன் தூக்குவாளியில் இருந்த புளிசாதத்தில் எனக்குப் பாதிக்கு மேல் தள்ளிக் கொடுத்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ கேட்டால் நான் உண்மையைச் சொல்வேன், நான் கேட்டால் நீயும் உண்மையைச் சொல்வாய் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன். முட்டாள் நான்.

இந்தச் சட்டத்துக்கு நான் எதைக் கொடுத்தேன் தெரியுமா? என் கழுகுகளைக் கொடுத்தேன். எங்கள் ஊர் மலைமேல் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வரும். வெள்ளையாக, மஞ்சள் மூஞ்சியோடு. பூசை செய்கிறவர் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைப்பார், வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரத்தில் அடையும் என்று சொல்வார்கள். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். எப்போதோ வருவதை நிறுத்திவிட்டன. இதை உன்னிடம் எவ்வளவு ஆசையாகச் சொன்னேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் பார்க்கலையே," என்றாய்.

"நீ எப்படிப் பார்ப்பே? இப்பதான் வரதே இல்லையே."

"அப்ப செல்லாது. ரூலுன்னா ரூலு."

பிறகு ஒருநாள் ஹேமா, அப்போது பாவாடை சட்டை போட்ட பெண், உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ஆன்ட்டி, உங்க ஊர்க் கழுகை நீங்க பார்த்திருக்கீங்களா?" நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பார்க்கலைம்மா," என்றேன். அப்பாவின் தோள், பொங்கல் கிண்ணம், அந்த மஞ்சள் மூஞ்சி எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு பார்க்கலை என்றேன். நீ தலையாட்டினாய்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஜனவரிக்காரிக்கு வருகிறேன்.

ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்காரன் ஆபீஸுக்குக் கொடுத்த காலண்டரில் இருந்தாள் அவள். ஜனவரி மாதத்துத் தாளில். பின்னால் நீலமாக மலை ஆறு, முன்னால் ஆயிரக்கணக்கில் கூழாங்கல், கல்லுக்கு நடுவே ஒருத்தி. சாம்பல் கழுத்து, கறுப்பு முகம், மார்பில் கறுப்பாக ஒரு பட்டை. மூக்கு மட்டும் சிவப்பாக, நீளமாக, கருக்கரிவாள் மாதிரி கீழே வளைந்து. என்ன பறவை என்று பெயர் போடவில்லை. "யார்றி இவ, லிப்ஸ்டிக் போட்டுகினு ஆத்துல நிக்கறா?" என்றாய். பிப்ரவரி பிறந்ததும் தாளைக் கிழித்து உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அவள் ஜனவரிக்காரி.

ரொம்ப நாள் கழித்து ஹேமாதான் போனில் தேடிச் சொன்னாள். ஐபிஸ்பில் என்று பெயராம். இமயமலை ஆறுகளில் கல் நிறைந்த இடமாகப் பார்த்து இருக்குமாம். வயிறு நனைய வேகத் தண்ணீரில் இறங்கி, மூக்கைக் கல்லுக்கு அடியில் விட்டுப் புழு பூச்சி பொறுக்குமாம். நம் பக்கத்துக்கு வரவே வராதாம். குளிர் அதிகமானால் மலையடிவாரம் வரைக்கும் இறங்கும், அத்தோடு சரி. எங்கேயோ சைபீரியாவிலிருந்து எல்லாம் வேடந்தாங்கலுக்கும் கேளம்பாக்கத்துக்கும் வருகிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன ராங்கி என்று நீ கேட்டாய். "அவ வரமாட்டான்னா நாம போவோம்டி. ஒரு ஜனவரிக்குப் போவோம்." எந்த ஜனவரி என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் ஸ்வெட்டர் வாங்கிவிட்டோம். எழும்பூரில் குளிர்காலத்துக்குக் கடை போடுகிற வடக்கத்திக்காரரிடம். வேர்த்து ஊற்றிக்கொண்டு, புடவைக்கு மேலேயே போட்டுப் பார்த்தோம். ஊட்டிக்கா என்று கேட்டார். "அதுக்கும் மேல," என்று நீ சொன்ன தோரணை இருக்கிறதே. அவர் இரண்டு பாச்சா உருண்டைப் பொட்டலம் சும்மா கொடுத்தார்.

அதற்கப்புறம் எத்தனை ஜனவரி போயிற்று. ஒரு வருஷம் ஆடிட். ஒரு வருஷம் என் மாமியார் விழுந்து இடுப்பு உடைந்தது. ஒரு வருஷம் ஹேமாவுக்குப் பரீட்சை, அப்புறம் ஹேமாவுக்கு வரன். வரன் அமையவில்லை என்று நீ தூங்காமல் கிடந்தாய். திருவிடந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெருமாளுக்குச் சாத்திக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பிராகாரம் சுற்ற, நாம் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். கும்பிட்டு முடித்துக் கடற்கரைக்கு நடந்தபோது அலை ஓரத்தில் சின்னச் சின்னதாக உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. "பார்த்தியா?" "பார்த்தேன்." ஹேமா தலையில் அடித்துக்கொண்டாள், "என் கல்யாணத்துக்கு வேண்ட வந்தீங்களா, இதுக்கு வந்தீங்களா?" என்று. பெருமாள் கைவிடவில்லை. ஆறு மாதத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வேலை எங்கே? டேராடூனில். அந்தப் பெருமாள்மேல்கூட எனக்கு இப்போது கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

"டேராடூனுக்குப் பக்கத்துலயே ஆறு கீதாம்டி. யமுனை மலையைவுட்டு இறங்கற எடம். அங்க ஜனவரிக்காரி வருவாளாம்," என்று நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். தங்க வீடு இருக்கிறது, கூட்டிப்போக மாப்பிள்ளையின் கார் இருக்கிறது. இனி என்ன தடை? எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயின. அதுதான் தடை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு, ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள் வைத்தேன், மற்ற நேரமெல்லாம் அவரைக் கக்கூஸுக்குக்கூட நான்தான் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. ஏற்கெனவே அவர் "நம்ம ஏரியில இல்லாத கொக்கா டேராடூன்ல?" என்று கேலி பேசுகிற ஆள். விழுந்த பிறகு கேலியும் போயிற்று. நான் வெளியே கிளம்பினால் வாசல்வரை கண்ணாலேயே வருவார். எங்கே போவேன் நான்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் ஹேமாவுக்குப் பிரசவம். பேத்தியைப் பார்க்க நீ வேலையை விட்டாய், வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டாய். கிளம்புகிறதுக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தாய். சமையல்கட்டில் நின்றுகொண்டு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஜனவரி வரைக்கும் அங்கதான் இருப்பே. அந்த ஆத்துப் பக்கம் மட்டும் போகாதே. நான் வர வரைக்கும் வை." என் ஆயுசில் நான் உன்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. நீ என்ன சொன்னாய்?

"உன்னை வுட்டுட்டு அவளை நான் தனியா பார்ப்பனாடி? பார்த்தாதான் செல்லுமா?"

மாசி மாதம் திரும்பி வந்தாய். ஸ்டேஷனிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் ஆட்டோ விட்டுக்கொண்டு வந்தாய். எனக்குக் கம்பளிச் சால்வை, இவருக்கு மப்ளர், தகர டப்பாவில் ஏதோ பால் இனிப்பு. இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி புராணம் பாடினாய். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பார்த்தியா?"

நீ டம்ளரை ஆற்றினாய். "பார்க்கலைடி."

"ஆத்துக்குப் போனியா?"

"போனோம். எல்லாரும் கார்ல ஒரு ரவுண்டு போனாங்க, நானும் கூடப் போனேன். கல்லுதான் கீது. ஒண்ணும் இல்ல."

போகாதே என்று நான் சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறாய். அதற்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உன் முகம் வாடிக் கிடந்தது, அவ்வளவு தூரம் போயும் காண முடியவில்லையே என்ற ஏக்கம் என்று நினைத்தேன். உன்னைத் தேற்றினேன். நான், உன்னை. "போனா போறா, எங்க போயிடப் போறா? அடுத்த ஜனவரிக்கு நாம ரெண்டு பேரும் போலாம். எனக்குன்னு காத்துகிட்டிருக்கா அவ," என்று உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நீயும் தலையாட்டினாய். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

சும்மா பேச்சுக்கும் சொல்லவில்லை. ஆபீஸில் ஜனவரிக்கு லீவு சொல்லி வைத்தேன். இவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரைக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன், அவளிடம் கெஞ்சுவது எவ்வளவு கேவலம் என்று உனக்குத் தெரியும். தினம் இவரைக் கைத்தடியோடு வராந்தாவில் நடக்கவிட்டேன், ஜனவரிக்குள் தானாகக் கக்கூஸ் போகிற அளவுக்காவது ஆக்கிவிட வேண்டுமென்று. அவரும் நடந்தார். "உன் கொக்குக்காகத்தான் நடக்கறேன்," என்று குழறிக் குழறிச் சொன்னார். நோய்வாய்ப்பட்ட பிறகு அவர் சொன்ன முதல் கேலி. இதையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ "சரிடி, சரிடி" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

தீபாவளிக்கு முன்னால், மழை விடாமல் பெய்த வாரம், நீ உன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே விழுந்தாய். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் வந்தபோது உன் வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். உன் மேல் போட்ட மாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த யோசனையைச் சொல்லட்டுமா? பாவம், ஜனவரிக்காரியைப் பார்க்காமலே போய்விட்டாளே என்று நினைத்தேன். அதற்குத்தான் அப்படி அழுதேன். சுற்றி நின்றவர்களெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்ளும்படி அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் வீட்டைக் காலி செய்துவிட்டு டேராடூனுக்குத் திரும்புவதற்காக ஹேமா வந்திருந்தாள். ஸ்வெட்டரைக் கொடுத்த பிறகு, "அம்மா இதைப் போட்டுகிட்டு இருக்கற வீடியோ ஒண்ணு இருக்கு, பாருங்க ஆன்ட்டி," என்று போனை நீட்டினாள். அந்த ஆறு. அந்த மலை. காலண்டரில் இருந்த நீலம் இல்லை, சாம்பல் தண்ணீர்தான் ஓடியது. ஆனால் கல் அதே கல். நீ முதுகைக் காட்டிக்கொண்டு மெரூன் ஸ்வெட்டரில் நிற்கிறாய், புடவை காற்றில் படபடக்கிறது. பின்னால் குழந்தை அழுகிறது. யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். நீ இடது கையை நீட்டுகிறாய்.

"அதோ ஜனவரிக்காரி. கல்லுக்குள்ள மூக்கை வுட்டுகினு கீறா பாரு. பார்த்தியா?"

அந்த "பார்த்தியா" எனக்குத் தெரியாதா? இருபது வருஷத்துக்கு மேல் என் காதில் விழுந்த குரல் அது. ஹேமாவிடம் கேட்கிற குரல் அது இல்லை.

"எங்கேம்மா? வெறும் கல்லுதான் இருக்கு. வா, குழந்தை அழுவுது," என்கிறது ஹேமாவின் குரல்.

நீ கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாய். பிறகு திரும்புகிறாய். மேனேஜர் லீவு என்று செக்கை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவாயே, அந்த முகம். அத்தோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

"கார்ல வரும்போது ஆன்ட்டி, நிஜமாவே அதைப் பார்த்தியாம்மான்னு நானும் கேட்டேன், இவரும் கேட்டாரு. ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிட்டாங்க," என்றாள் ஹேமா. அவளுக்கு நம் சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருத்தி மட்டும் பார்த்தால் செல்லாது, கேட்டால் பார்க்கலை என்றுதான் சொல்ல வேண்டும். நீ ரூல்படிதான் நடந்தாய் என்று ஒரு மனசு உனக்காக வக்காலத்து வாங்குகிறது. நான் அதை அடக்கிவைத்திருக்கிறேன். அந்த ரூல் ஊருக்குப் போட்டது. மகளுக்குச் சொல், மாப்பிள்ளைக்குச் சொல், போகிற வருகிறவனுக்குச் சொல். எனக்குமா? என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, எனக்குமா? பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்து, எப்படி இருந்தாள், எப்படி நடந்தாள், மூக்கு அவ்வளவு சிவப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பேன். நீ ஆடிக் காட்டியிருப்பாய். அந்தப் பேச்சு நமக்கு மிச்சமாகியிருக்கும். அதை நீ எனக்குத் தரவில்லை. நான் மனசு ஒடிந்துபோகக் கூடாது என்று நினைத்துத்தான் நீ மறைத்திருப்பாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் மட்டும் ஆறிவிடுமா?

வீடியோவை ஹேமா என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனாள். போகும்போது, "டேராடூனுக்கு வாங்க ஆன்ட்டி, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள். நல்ல பெண். நானும் தலையை ஆட்டிவைத்தேன். போய் நின்று, ஜனவரிக்காரி என் கண்ணில் பட்டால், நான் யாரைக் கேட்பேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் எனக்கு அவள் தெரியவில்லை. நீ நீட்டின விரலுக்கு நேராகப் பார்க்கிறேன். கல். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. அசைந்தால் தெரிவாள் என்று பார்த்தால், ஹேமா கை நடுங்கி எடுத்ததில் அத்தனை கல்லும் அசைகிறது. சிவப்பாக எதுவும் இல்லை. சாம்பலுக்குள் சாம்பலாக எங்கேயோ நிற்கிறாள். இல்லை, கேளம்பாக்கத்துச் சேறு மாதிரி அங்கே ஒன்றுமே இல்லையோ, எனக்கு இன்னொரு பரீட்சை வைக்கிறாயோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. உன் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகமும் போய்விட்டது. நீ பார்த்திருக்கிறாய்.

இது ஜனவரி. சொல்லி வைத்த லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் பனி இருக்கிறது, இரண்டு ஸ்வெட்டரும் என் பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பஸ்ஸில் உன் இடத்தில் குவாலிட்டி பிரிவுப் பையன் ஒருவன் உட்காருகிறான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு தூங்குகிறான். ஜன்னல் சீட் இப்போது தினமும் எனக்குத்தான். கொளவாயில் கூழைக்கடா வந்திருக்கிறது. கணக்கில் வராது.

பரனூரில் பஸ் நிற்கும்போது போனை எடுத்து அதைப் போட்டுப் பார்க்கிறேன். தினம் பார்க்கிறேன். போட்டோதான் செல்லாது, இதில் நீயே கேட்கிறாயே. சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்து, நீ கேட்பதைக் கேட்டுவிட்டு, பிறகு கண்ணுக்கு நேராகப் பிடித்து உன் விரல் நுனியிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தேடுகிறேன். "பார்த்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், உன் ஜனவரிக்காரி செல்லுபடியாகிவிடுவாள், நீயும் அந்த ஆற்றங்கரையில் கையை இறக்கலாம். பொய்தான். நீ எனக்குச் சொன்ன பொய்யைவிடப் பெரிய பொய் இல்லை. வாய்வரைக்கும் வருகிறது. ஆனால் கேட்கிறவள் நீ.

பார்த்தியா என்கிறாய்.

இல்லைடி. இன்னும் பார்க்கலை.